ஏழாம் பெட்டி அம்மா

அந்த வகுப்பு நடந்தது செவ்வாய்க்கிழமை என்றுதான் இவ்வளவு நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். விசாரணைக் குழுவிடமும் அப்படியே சொன்னேன். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். புதன்கிழமை என்றிருந்தது. எழுதியிருந்ததும் என் கையெழுத்துதான். கிழமையே தப்பென்றால் மற்றதை எந்த முகத்தோடு சொல்வது? அன்று மழை பெய்தது என்று நினைக்கிறேன். ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்ததாகவும் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. ஆகவே கிழமையையும் மழையையும் நேரத்தையும் என் பேச்சை வைத்து நம்ப வேண்டாம். அவள் கேட்ட கேள்வியை மட்டும் நம்பலாம். அதை என்னைத் தவிர முப்பத்தொரு பேர் கேட்டார்கள்.

நான் நர்சிங் கல்லூரியில் குழந்தை நலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பதினேழு ஆண்டுகள், பக்கத்திலிருக்கும் பெரிய மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர். கையில் பலம் குறைந்து, இடுப்பும் சொன்னபடி கேட்காமல் போன பிறகு, இனி வாயால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரிக்கு மாறினேன். மாறி ஏழு வருடம் ஆகியிருந்தது.

திடீர் சிசு மரணம் என்ற பாடம் இரண்டாம் ஆண்டில் வரும். புத்தகத்தில் மூன்றரைப் பக்கம். நன்றாக இருந்த குழந்தை, ஒரு வயது நிரம்பாதது, தூக்கத்தில் இறந்துபோகிறது. பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள், படுத்திருந்த இடத்தைப் போய்ப் பார்க்கிறார்கள், பெற்றோரிடம் எல்லாம் விசாரிக்கிறார்கள். காரணம் கிடைப்பதில்லை. கிடைக்காத காரணத்துக்கு வைத்த பெயர்தான் அது. எதனால் நடக்கிறது என்று தெரியாவிட்டாலும் எப்போது அதிகம் நடக்கிறது என்று தெரியும். குப்புறப் படுக்க வைத்தால் அதிகம். மெத்தென்ற படுக்கை, தலையணை, முகத்தருகே போர்வை, வீட்டில் புகைபிடிப்பவர்கள், குறைமாதத்தில் பிறந்தது என்றால் அதிகம். மல்லாக்கப் படுக்க வைத்தால் குறைகிறது. பாடம் இவ்வளவுதான்.

இதை நான் பேசித் தொடங்குவதில்லை. செய்முறை அறையின் நடுவில் ஒரு குழந்தைக் கட்டிலைப் போட்டு, பக்கத்து மேசையில் தலையணை, போர்வை, துண்டு, துணிப் பொம்மை எல்லாவற்றையும் குவித்து வைப்பேன். வயிற்றில் மணல் நிரப்பிய, இரண்டரைக் கிலோ எடையுள்ள ரப்பர் குழந்தை ஒன்று எங்களிடம் இருந்தது. மாணவிகள் அதை மொட்டை என்பார்கள். மொட்டையை ஒருத்தியின் கையில் கொடுத்து, "தூங்க வை" என்று மட்டும் சொல்வேன். வீட்டில் எப்படிப் பார்த்தார்களோ அப்படியே செய்வார்கள். செய்த பிறகுதான் பாடம். தன் கை செய்த தப்பைப் பார்த்தவள் மறக்கமாட்டாள் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் வந்தவளை வகுப்பில் வானொலி என்பார்கள். நிறுத்தினால்தான் நிற்பாள். தலையணையில் சாய்த்து, கழுத்துவரை போர்த்தி, மேலே இன்னொரு போர்வையும் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் துணிப் பொம்மையை வைத்து, தட்டிக்கொடுத்துக்கொண்டே தன் அண்ணன் குழந்தையின் பெருமைகளைச் சொன்னாள். குழந்தையைத் தூங்க வைத்தாயா, இல்லை ஊருக்குப் போக மூட்டை கட்டினாயா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவள் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மூன்றாமவள் மொட்டையின் ஒரு காலைக் கழற்றிவிட்டாள். அது பழைய கால், அடிக்கடி கழலும். அறுவை சிகிச்சை வகுப்பு அடுத்த மாதம்தான் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

நான்காவதாக அக்கா வந்தாள்.

அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்குப் பத்தொன்பது, இருபது. அவளுக்கு முப்பத்துநான்கு. திருமணமானவள், தாமதமாகப் படிக்க வந்தவள் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடமாக மூன்றாவது வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மதிப்பெண் நன்றாக வாங்குவாள். அவள் பேசாமலிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நானும் பேச்சைவிடப் பேச்சில்லாமல் இருப்பதை விரும்புகிறவள்.

மேசையிலிருந்து தலையணையை அவள் எடுக்கவில்லை. துண்டை எடுத்து இறுக்கமாக, நீளமாகச் சுருட்டினாள். அதைக் குதிரை லாடம் போல வளைத்துக் கட்டிலில் வைத்தாள். இன்னொரு மெல்லிய துணியை நான்காக மடித்து நடுவில் போட்டாள். மொட்டையைக் குப்புறக் கிடத்தி, மடித்த துணி அதன் மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் வரும்படி நகர்த்தினாள். முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். ஒரு கையை வாயருகே கொண்டுவந்தாள். இரண்டு முழங்காலையும் வயிற்றுக்கடியில் மடக்கினாள். கடைசியாக, சுருட்டிய துண்டின் இரண்டு முனைகளையும் காலடியில் ஒன்றின் கீழ் ஒன்றாகச் செருகினாள்.

மற்றவர்கள் செய்தது வீட்டு வேலை. இது தொழில் தெரிந்த கை. அது அவர்களுக்கும் புரிந்தது.

எனக்குப் புரிந்தது வேறு. எங்கள் வார்டில் அதற்குக் கூடு கட்டுவது என்று பெயர். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் பூ மாதிரி. குப்புறப் போட்டால் அது லேசாக மூச்சு விடும், ரத்தத்தில் பிராணவாயு இறங்காமல் நிற்கும். மார்பில் ஒயர், காலில் ஒயர், தலைமாட்டில் மானிட்டர். மூச்சு சற்று நின்றால் மணி அடிக்கும், இருபத்துநான்கு மணி நேரமும் ஒருத்தி ஓடி வருவாள். அதனால் அங்கே அது சரி. ஆனால் காலடியில் அந்தச் செருகல் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. முனைகள் நழுவிக்கொண்டே இருந்ததால் ஒருநாள் எரிச்சலில் நானாகக் கண்டுபிடித்தது.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"உங்ககிட்டதான் மேடம்" என்றாள்.

நான் இந்த வகுப்பைச் சொல்கிறாளோ என்று ஒரு நிமிடம் குழம்பினேன். இதுவரை உங்களுக்கு நான் இதைக் காட்டவில்லையே என்றேன். அவள் மொட்டையின் முதுகில் வைத்த கையை எடுக்காமல் சொன்னாள்.

"எட்டு வருஷம் முன்னாடி. நாப்பத்தோரு நாள் உங்க வார்டுல இருந்தேன். நான் ஏழாம் பெட்டி அம்மா."

எங்கள் வார்டில் தாய்மார்களுக்குப் பெயர் கிடையாது. இன்குபேட்டரைப் பெட்டி என்போம். மூன்றாம் பெட்டி அம்மா பால் எடுத்துக்கொண்டு வாங்க, பத்தாம் பெட்டி அம்மா அழக்கூடாது. யாரையும் இழிவாக நினைத்து அல்ல. பெயரைக் கற்றுக்கொள்ள நேரமில்லை, அவ்வளவுதான். அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஏழாம் பெட்டியில் எத்தனையோ அம்மாக்கள் இருந்திருக்கிறார்கள். ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றரை வருடம் என் எதிரே உட்கார்ந்திருந்த முகம் அது.

பாப்பா எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனேன். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "பாப்பா" என்ற சொல் வெளியே வந்தும்விட்டது. மீதியை விழுங்கினேன். என்ன பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த நொடியில்தான் மண்டையில் ஏறியது. கையிலிருந்த சாக்பீஸ் துண்டை வாயில் வைத்துக் கடித்துவிட்டேன் என்று வானொலி பிற்பாடு சொன்னாள். எனக்கு அது நினைவில்லை.

அவள் சொன்னதை அவள் வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் குழந்தை. பதினொரு வாரம் முன்னதாகப் பிறந்தது. வீட்டுக்குப் போகும்போது ஒரு கிலோ தொள்ளாயிரம். நாற்பத்தொரு நாளும் பெட்டிக் கண்ணாடிக்கு வெளியே நின்று நாங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கூடு கட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டில் பழைய போர்வையைக் கிழித்துச் சுருட்டி அதேபோலக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் செய்வதை அப்படியே செய்கிறோம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பத்தொன்பதாம் நாள் மதியம் பால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, அதே அறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை இன்று நன்றாகத் தூங்குகிறதே என்று நினைத்தாள். துணியெல்லாம் மடித்து முடித்த பிறகுதான் போய்த் தொட்டாள்.

பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு தாள் கிடைத்தது. டிஸ்சார்ஜ் அன்று நாங்கள் கொடுத்த தாள். தாய்க்கு என்னென்ன கற்றுக்கொடுத்தோம் என்று பதினான்கு வரி. ஒவ்வொன்றின் எதிரிலும் சரி என்று ஒரு குறி. ஒன்பதாம் வரி இப்படி இருக்கும்: 'குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்க வைக்க வேண்டும் என்று தாய்க்கு விளக்கப்பட்டது. தாய் புரிந்துகொண்டார்.' கீழே என் கையெழுத்து. மாமியார் அதை அக்கம்பக்கத்தாரிடம் படித்துக்காட்டி, படித்தவள்தானே, காதில் பஞ்சா வைத்திருந்தாள் என்று கேட்டாராம். கணவர் எதுவும் சொல்லவில்லை. தாளை மடித்துத் தன் சட்டைகள் இருக்கும் அலமாரியில் வைத்துக்கொண்டார். எட்டு வருடமாக அது அங்கேயே இருந்தது.

"திட்டியிருந்தா ஒரு நாள் ஓய்ஞ்சிருக்கும் மேடம்" என்றாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எனக்கு அன்னைக்கு நடந்தது எதுவும் சரியா ஞாபகம் இல்ல. பாப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோங்கற சந்தோஷத்துல யார் என்ன சொன்னாங்கன்னே தெரியல. நீங்க எனக்குச் சொன்னீங்களா?"

அந்த அறையில் இருந்த ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்தாள். முந்தைய வகுப்பில்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன், பெற்றோரிடம் ஒருபோதும் உங்களால்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்று. அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். இதற்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது அம்மா, மல்லாக்கப் படுத்த குழந்தைகளும் இறந்திருக்கின்றன, குப்புறப் படுத்தும் பிழைத்திருக்கின்றன என்றேன். சொன்னதில் பொய் இல்லை.

"நான் காரணத்தைக் கேக்கல மேடம். சொன்னீங்களான்னுதான் கேட்டேன்."

கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையசைத்தாள். கூட்டைப் பிரித்து, துண்டை உதறி மடித்து மேசைமேல் வைத்து, மொட்டையை மல்லாக்கத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மணி அடிக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் எதுவும் பேசவில்லை. அவர்களும் பேசவில்லை. என் வாழ்க்கையில் நிறைய மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன், அவற்றை நாடிப் போயிருக்கிறேன். அதில் மட்டும் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் பிரின்சிபாலிடம் போயிருந்தது. அவர் கெட்டவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு, தவளை தன் வாயால் கெடும், தெரியுமல்லவா என்றார். தாளில் கையெழுத்து இருக்கிறது, அது உன்னைக் காப்பாற்றுகிறது, அதைத் தோண்டப் போகாதே என்றார். அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசித்தார். வேண்டாம் என்றேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் பழுதான தையல் இயந்திரங்களைச் சரிசெய்கிறவர். சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு ஞாபகம் இல்லேல்ல? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. அது பொய் இல்லையே" என்றார்.

அது பொய் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. எனக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. நான் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தினால் எவராலும் திறக்க முடியாது. மறதி ஒரு நல்ல வீடு. அவளுக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் எங்கள் இரண்டு மறதிகளுக்கும் நடுவில் இருக்கும் தாள் என் பக்கம் பேசுகிறது. அவளுடைய மறதி அவளை எட்டு வருடம் தின்றது. என்னுடையது ஒருநாள்கூட என்னைத் தொடவில்லை. ஒன்றரை வருடம் அவள் எதிரில் இருந்தும் தொடவில்லை.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவமனைப் பதிவறைக்குப் போனேன். அங்கே இருப்பவரை எல்லோரும் கரையான் என்பார்கள். முப்பது வருடமாகக் காகிதத்துக்குள்ளேயே குடியிருப்பவர். குறைமாதக் குழந்தைகளின் கோப்பைப் பத்து வருடம் வைத்திருப்பார்கள். ஏணியில் ஏறிக்கொண்டே, செத்தவர்களும் பிழைத்தவர்களும் இங்கே ஒரே அலமாரிதான் சிஸ்டர், நான் பாகுபாடு பார்ப்பதில்லை என்றார். அரை மணி நேரத்தில் கோப்பை எடுத்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

தாள் இருந்தது. பதினான்கு குறிகள். பார்த்தவுடனே தெரிந்தது. எல்லாம் ஒரே சாய்வு, ஒரே மை, மேலிருந்து கீழே ஒரே வீச்சு. ஒன்றைச் சொல்லிவிட்டு ஒன்றைப் போட்ட குறிகள் அப்படி இருக்காது. தலைப்பில் நேரம் எழுத ஒரு கட்டம் உண்டு. ஏழேகால் என்று நானே எழுதியிருந்தேன்.

ஏழேகால் மணிக்குத் தாய்மார்கள் வார்டுக்குள்ளேயே வரமாட்டார்கள். அவர்களுக்கு நேரம் ஒன்பது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த நாளைப் பற்றிய நினைவு அல்ல, எல்லா நாட்களையும் பற்றியது. காலை ஷிப்டுக்கு வந்ததும், அன்று வீட்டுக்குப் போகப்போகும் குழந்தைகளின் தாள்களை வரிசையாக அடுக்கி, பேனாவை எடுத்து, மளமளவென்று குறி போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்துவிடுவேன். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்துவிட்டால் பிறகு மூச்சு விட நேரமிருக்காது. சொல்வதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், எழுத்து வேலை முடிந்திருக்கட்டும் என்று. எனக்கு முன்னாலிருந்த சிஸ்டரும் அப்படித்தான் செய்தார். எனக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அப்படித்தான் பழக்கினேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பெரும்பாலும் பிறகு சொல்லவும் செய்தேன். பெரும்பாலும் என்பது என் வார்த்தை. அதற்குக் குறி எதுவும் இல்லை.

வார்டின் தினப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினேன். அன்று நான்கு டிஸ்சார்ஜ். பத்து நாற்பதுக்கு இரண்டாம் பெட்டிக் குழந்தைக்கு மூச்சு நின்றிருக்கிறது. பன்னிரண்டே கால் வரை நான் அங்கே நின்றிருக்கிறேன், ஒவ்வொரு மருந்துக்கும் என் கையெழுத்து. ஏழாம் பெட்டி பதினொன்று பத்துக்கு வெளியே போயிருக்கிறது. 'தாளும் பையும் வார்டு உதவியாளர் கொடுத்தார்' என்று இருந்தது. ஒன்பது மணிக்கும் பத்து நாற்பதுக்கும் நடுவில் ரவுண்ட்ஸ். முந்தைய நாள் எனக்கு வார விடுமுறை.

நான் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாமோ என்று மனம் கடைசியாக ஒரு இடுக்கைத் தேடியது. கையளவு இடைவெளி, பத்து நிமிடம், போகிற போக்கில் ஒரு வாக்கியம். அப்படியே சொல்லியிருந்தாலும் என்ன? நாற்பத்தொரு நாள் நாங்கள் குப்புறப் போட்டதை அவள் கண்ணால் பார்த்தாள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு நாள்கூட அந்தக் குழந்தையை மல்லாக்கப் போட்டு அவளுக்குக் காட்டவில்லை. அதைக் காட்ட வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. கண்ணுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு, காகிதத்தில் வேறொன்றைக் கற்றுக்கொடுத்ததாக எழுதிவைத்திருந்தோம். கரையான் திரும்பி வந்தபோது இரண்டு தம்ளர் தேநீர் கொண்டுவந்திருந்தார். நான் குடித்தேனா என்று தெரியாது.

அவள் வகுப்பில் வைத்துக் கேட்டாள். ஆகவே வகுப்பில் வைத்தே பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் அதே அறை. பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார், தடுக்கவில்லை. ஒரு முழுத் தாளில் என் கையால் எழுதி எடுத்துப் போயிருந்தேன். குறிகள் போட்ட நேரம், போட்ட முறை, அன்று நான் இருந்த இடம், அவள் வெளியேறிய நேரம், தாய்க்கு ஒன்பதாம் வரி விளக்கப்படவில்லை என்பது. எழுந்து நின்று அதைப் படித்தேன். குரல் நடுங்கவில்லை. வார்டில் சாவுச் செய்தி சொல்லிப் பழகிய குரல் அது, அதுபாட்டுக்குப் போனது.

"சொல்லலம்மா" என்று கடைசியில் சேர்த்தேன். அது தாளில் இல்லாதது.

அவள் வந்து தாளை வாங்கினாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது திட்டுவாள். மன்னிப்பாள் என்றுகூட ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவள் தாளில் ஒரு வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நாலு பேர் டிஸ்சார்ஜ்னு எழுதியிருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

"மத்த மூணு பேருக்குச் சொன்னீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடிவரை மற்ற மூன்று பேர் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தேன், என் மனசாட்சியைக் குடைந்து குடைந்து பார்த்தேன், எல்லாம் அவளைப் பற்றியும் என்னைப் பற்றியும்தான். அதே ஏழேகால் மணி, அதே பேனா, அடுக்கில் அவளுடைய தாளுக்கு மேலேயும் கீழேயும் இருந்த தாள்கள். அதற்கு முந்தைய நாள். அதற்கு மறுநாள். பதினேழு வருடம். வார்டில் என்னிடம் பழகி வேறு வார்டுகளுக்குப் போனவர்கள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் வானொலி அழுதுகொண்டிருந்தாள். அக்கா அழவில்லை.

"அவங்களுக்கும் தெரியணும் மேடம்" என்றாள். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரணைக் குழு அமைத்தார்கள். அழிக்கப்படாமல் மிஞ்சியிருந்தவை நான் வார்டில் இருந்த கடைசி மூன்று வருடக் கோப்புகள். நானூற்றுப் பன்னிரண்டு டிஸ்சார்ஜ். கரையானும் நானும், குழுவிலிருந்து இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் நேரம் ஏழேகால், ஏழு இருபது, ஏழரை. கையெழுத்து என்னுடையது, அல்லது நான் பழக்கியவர்களுடையது.

இனி மற்றவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொடர்பு கொள்ள முடிந்த குடும்பங்கள் இருநூற்றுத் தொண்ணூறு. அவற்றில் இன்னும் இரண்டு குழந்தைகள் வீட்டுக்குப் போன மூன்று மாதத்துக்குள் தூக்கத்தில் இறந்திருந்தன. இரண்டு வீட்டுக்கும் நான் குழுவோடு போனேன். ஒரு வீட்டில் உட்கார வைத்துக் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் தகப்பன் பாதியிலேயே எங்களைப் போகச் சொல்லிவிட்டார். அக்காவின் குழந்தையோடு அன்று டிஸ்சார்ஜ் ஆன மூன்று குழந்தைகளில் இருவர் பள்ளிக்கூடம் போகிறார்கள். மூன்றாவது குடும்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வார்டில் முறையை மாற்றினார்கள். வீட்டுக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். தாயே படுக்க வைத்துக் காட்டிய பிறகு தாயே குறி போடுகிறாள். என் நர்சிங் பதிவை இரண்டு வருடம் நிறுத்திவைத்தார்கள். முடிந்த பிறகும் நான் வார்டுக்கோ வகுப்புக்கோ திரும்பவில்லை. பதிவறையில் கரையானுக்கு உதவியாக இருந்தேன், அவர் ஓய்வு பெற்ற பிறகு தனியாக இருக்கிறேன். பிரின்சிபால் வேறு கல்லூரிக்குப் போனார். வானொலி அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள், அங்கேயும் பேசுகிறாள் என்கிறார்கள்.

அக்காவின் கணவர் நான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தாராம். இரண்டு நாள் கழித்து அலமாரியிலிருந்து அந்தப் பழைய டிஸ்சார்ஜ் தாளை எடுத்து அவளிடம் கொடுத்தாராம். அடுத்த வருடம் அவர்கள் பிரிந்தார்கள். நான் எழுதியது காரணமா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மாமியார் சில மாதம் மகனோடு இருந்துவிட்டு, ஒரு பையோடு மருமகள் வீட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். அக்கா படிப்பை முடித்து, அதே குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது காலை ஷிப்டுக்கு அவள்தான் பொறுப்பு. என்னை அவள் மன்னித்ததாகச் சொன்னதில்லை. கோப்பு வேண்டும்போது ஆள் அனுப்பாமல் தானே வந்து வாங்கிக்கொண்டு போகிறாள்.